கதவு பூட்டியிருக்கிறது, கணக்கை யார் போடுவது?

ஐந்து படி கொள்ளும் குடம் ஒன்று. மூன்று படி கொள்ளும் குடம் ஒன்று. சரியாக நாலு படி தண்ணீர் அளந்து கல்தொட்டியில் ஊற்றினால் கதவு திறக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், இந்தப் புதிரை என் ஆட்டக்காரர்கள் முன்னால் வைத்துவிட்டுப் பெரிய ஆள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கதாபாத்திரம், அதன் திறமைகள் தாளில் எண்களாக இருக்கும், நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையையும் புதிரையும் வைக்கும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) நான். மேசையைச் சுற்றி நாலு பேர். அதில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர், எங்கள் எல்லாருக்கும் டீச்சரக்கா. அவர் ஆடுவது ஒரு பார்பேரியனை, அதாவது முரட்டு வீரனை. கையில் கோடரி, மூக்குக்கு மேல் கோபம், இன்டெலிஜென்ஸ் என்ற புத்தி எண் வெறும் 8. "பகல் பூரா யோசிச்சாச்சு, ராத்திரியாவது யோசிக்காத ஆளா இருக்கேன், விடுங்கப்பா" என்பது அவர் கொடுத்த விளக்கம். இன்னொருவன் துணிக்கடை விளம்பரங்களுக்கு டிசைன் போடும் தம்பி. பிளஸ் டூ கணக்கில் ஒருமுறை போய், மறுபடி எழுதித் தேறியவன். அவன் ஆடுவது விசார்ட், அதாவது மந்திரவாதி, இன்டெலிஜென்ஸ் 18. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. நிஜத்தில் இல்லாததைத்தான் மனுஷன் விளையாட்டில் எடுத்துக்கொள்வான்.

டீச்சரக்கா பத்து விநாடியில் சிரித்துவிட்டார். விடை வந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பார்பேரியனுக்கு அது எப்படித் தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு முறுக்கைக் கடிக்க ஆரம்பித்தார். தம்பி தாளில் இரண்டு குடம் வரைந்தான், அடித்தான், மறுபடி வரைந்தான். அழகான குடங்கள்தான். இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. கடைசியில் நிமிர்ந்து, "அண்ணா, என் விசார்டுக்குத் தெரியும்ல? எனக்குத்தான தெரியல?" என்றான்.

அவன் கேட்டது நியாயம். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு விதமாகச் செய்து பார்த்தேன். கணக்குப் புதிர் வைக்க நினைக்கும் டி.எம். யாராக இருந்தாலும் முதலில் எடுக்க வேண்டிய முடிவு இதுதான்: கதவைத் திறப்பது மேசையில் உட்கார்ந்திருப்பவரின் மூளையா, தாளில் எழுதியிருக்கும் எண்ணா? வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், என் சாய்வையும் மறைக்கப்போவதில்லை. (கட்டுரை முழுக்கப் பாத்திரம் என்றால் கதாபாத்திரம். குடம் வரும் இடத்தில் குடம் என்றே எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் இந்தப் புதிரில் குழம்பிப்போவீர்கள்.)

மூளையை மட்டும் நம்புவது

இதுதான் பழைய வழி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோதே இன்டெலிஜென்ஸ் என்ற எண் இருந்தது. மூன்று பகடை உருட்டி 3 முதல் 18 வரை எடுப்பார்கள். ஆனால் புதிர் வந்தால் அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைகாக்ஸ் எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற நிலவறைச் சாகசம் 1975-ல் ஆரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டில் போட்டியாக ஆடப்பட்டு 1978-ல் அச்சில் வந்தது. அதில் சோதிக்கப்படுவது ஆட்டக்காரரின் எச்சரிக்கையும் சாமர்த்தியமும்தான். தாளில் என்ன எழுதியிருந்தாலும் தப்பான இடத்தில் கை வைத்தால் ஆள் காலி.

இந்த வழியில் ஒரு சுகம் உண்டு, அதை மறுக்க முடியாது. விடை பிடிபடும் அந்த நொடி நிஜமானது. பகடை எதுவும் அதைத் தராது. மேசையில் எல்லாரும் புதிர்ப் பைத்தியங்கள் என்றால் இதை விட்டு வேறெதையும் தேட வேண்டாம்.

ஆனால் நம் ஊரில் கணக்கு என்ற சொல்லுக்கே ஒரு வாசம் இருக்கிறது. "எழுந்து வா, போர்டுல போடு" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாக்பீஸ் கையில், முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர். விடுகதை கேட்டால் சிரித்துக்கொண்டே யோசிக்கிற அதே ஆள், குடமும் படியும் வந்ததும் வியர்க்கிறார். தம்பி முகத்தில் அன்றைக்கு நான் பார்த்தது அதைத்தான். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து, மறுபடியும் ஒரு ரிவிஷன் டெஸ்ட். டீச்சரக்காவுக்கும் தண்டனைதான், தெரிந்ததைத் தெரியாதது போல இருபத்தைந்து நிமிஷம் நடிப்பது லேசான காரியமில்லை.

பகடையை மட்டும் நம்புவது

அடுத்த வாரமே எதிர்ப்பக்கத்துக்குத் தாவினேன். புதிரைச் சொல்லாமல், "கணக்குப் பூட்டு ஒன்று இருக்கிறது, இன்டெலிஜென்ஸ் உருட்டுங்கள்" என்றேன்.

நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பில் கணிதம் என்று தனித் திறன் கிடையாது. இன்டெலிஜென்ஸின் கீழ் வருபவை ஐந்து: ஆர்கானா (மந்திர அறிவு), ஹிஸ்டரி, இன்வெஸ்டிகேஷன், நேச்சர், ரிலிஜன். ஆகவே கணக்கு என்றால் வெறும் இன்டெலிஜென்ஸ் சோதனை, அல்லது இழுத்துப்பிடித்து இன்வெஸ்டிகேஷன். நடுத்தரக் கஷ்டத்துக்கு இலக்கு 15. இன்டெலிஜென்ஸ் 18 என்றால், பகடையில் விழுவதோடு சேர்க்கும் கூட்டு எண் +4. இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது சரிபாதி வாய்ப்பு. உலகத்தின் ஆகப்பெரிய மூளைக்காரன் ஒருவன் காசு சுண்டிப் பார்க்கிறான்!

பார்பேரியனுக்கு –1, ஆகவே 16 விழ வேண்டும். 25 சதவீதம். மற்ற இருவருக்கும் கூட்டு எண் பூஜ்யம், ஆளுக்கு 30 சதவீதம். நாலு பேரும் உருட்டினால் யாராவது ஒருவருக்காவது வருவதற்கு ஏறக்குறைய 82 சதவீதம் வாய்ப்பு. ஆக, கதவு திறந்துவிடும். ஆனால் யாரால்? அன்றைக்கு விசார்டுக்கு 3, பார்பேரியனுக்கு 19. "நான் கதவை முறைச்சேன், அது திறந்துக்கிச்சு" என்றார் டீச்சரக்கா. சிரித்தோம். சிரித்து முடித்ததும் அறையில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது உறைத்தது. சாப்பாடு எங்கே என்று கேட்டவருக்கு 'சாப்பிட்டாகிவிட்டது' என்று ரசீது கொடுத்த மாதிரி.

குறை பகடையிலா, வழியிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் கர்ப்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்தில் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி, திறன் எண்ணுக்குச் சமமாகவோ கீழோ வந்தால் வெற்றி. மூன்று பகடை என்பதால் நடு எண்களே அதிகம் விழும். திறன் 10 என்றால் பாதிக்குப் பாதி. 14 என்றால் ஏறக்குறைய 91 சதவீதம். அங்கே நிபுணன் நிபுணனாகத் தெரிவான். கணிதமும் அங்கே கடினமான தனித் திறன். தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம், புள்ளியியல் என்று கிளை வேறு பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அத்தனை இருந்தும் சிக்கல் அப்படியே இருக்கிறது. 91 சதவீதமோ 50 சதவீதமோ, புதிரைப் பகடையிடம் கொடுத்தால் புதிர் பகடையோடு போய்விடுகிறது. அந்த அறையைக் கட்டியதற்குப் பதில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருக்கலாம்.

துப்புச் சீட்டு

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இது. உருட்டி வென்றால் விடை கிடைக்காது, ஒரு துப்பு கிடைக்கும். மிச்சத்தை ஆட்டக்காரர் யோசிக்க வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. செய்யும்போதுதான் தெரிகிறது, துப்பு எழுதுவது புதிர் எழுதுவதைவிடக் கஷ்டம். சின்னத் துப்பு கொடுத்தால் அவமானம், பெரிய துப்பு கொடுத்தால் விடையே போய்விடும். உட்கார்ந்த இடத்தில் யோசித்துக் கொடுத்தால் கட்டாயம் இரண்டில் ஒன்று நடக்கும்.

குடத்தையே எடுத்துக்கொள்வோம். இப்போது அதை வைத்தால் நாலு சீட்டு முன்கூட்டியே எழுதி மடித்து வைத்திருப்பேன். உருட்டாமலே கிடைக்கும் முதல் சீட்டு: "செய்யக்கூடியது மூன்றே மூன்று: நிரப்பலாம், கொட்டலாம், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றலாம்." 10-க்கு மேல்: "நாலு என்பது ஐந்தில் ஒன்று குறைந்தது. அந்த ஒரு படி எங்கே போகும்?" 15-க்கு மேல்: "மூன்று படிக் குடத்தில் ஏற்கெனவே இரண்டு படி இருந்தால்?" இதற்குள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஐந்தை நிரப்பி மூன்றில் ஊற்றினால் மிச்சம் இரண்டு. மூன்றைக் கொட்டிவிட்டு அந்த இரண்டை அதில் ஊற்றி, ஐந்தை மறுபடி நிரப்பி மூன்றை ரொப்பினால், ஐந்தில் நிற்பது நாலு. 20-க்கு மேல் விழுந்தால் இதுவே நாலாவது சீட்டு.

மூன்றாவது சீட்டைப் பாருங்கள். அது விடையைச் சொல்லவில்லை. பாதி வழியில் ஒரு மைல்கல் நட்டிருக்கிறது. நல்ல துப்பு கேள்வியாக இருக்கும் என்பது என் அனுபவம். "முதலில் பெரிய குடத்தை நிரப்பு" என்பது கட்டளை. அதைக் கேட்டவருக்குத் தான் யோசித்ததாகவே தோன்றாது.

இன்னொரு சின்ன விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சீட்டை மேசைக்குச் சொல்லாதீர்கள், விசார்ட் ஆடுபவர் கையில் கொடுங்கள். அவர் பிரித்துப் படிக்கட்டும், தன் பாத்திரத்தின் குரலில் சொல்லட்டும். எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கும் அந்த மூன்று விநாடி இருக்கிறதே, இன்டெலிஜென்ஸ் 18-க்கு அவர் கொடுத்த விலைக்கு அதுதான் பொருள். உருட்டவே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. 10-ஓடு கூட்டு எண்ணைச் சேர்த்தால் வரும் நிலையான எண்ணை வைத்தே சீட்டுகளைப் பிரித்துக் கொடுக்கலாம். விசார்டுக்கு 14, ஆகவே முதல் இரண்டும் அவருக்கு. பார்பேரியனுக்கு 9, ஆகவே ஒன்று மட்டும்.

டீச்சரக்கா பிரச்சினை இதில் பாதிதான் தீர்கிறது. அவருக்குச் சீட்டே வேண்டாமே. "யார் மண்டையில் வந்தாலும் சரி, விடை விசார்ட் வாயிலிருந்து வரட்டும்" என்று சிலர் விதி வைக்கிறார்கள். மேசை முழுக்க யோசிக்கும், பெயர் மட்டும் பாத்திரத்துக்கு. நாங்களும் இரண்டு வாரம் ஆடினோம். தம்பி ஒலிபெருக்கியானதுதான் மிச்சம். டீச்சரக்கா காதில் சொல்வார், அவன் மைக்கில் சொல்வான். பெருந்தன்மையான ஆட்கள் நிறைந்த மேசையில் இது நன்றாக ஓடலாம்.

உருட்டாமல் கொடுப்பது, தோற்றாலும் கொடுப்பது

துப்பறியும் ஆட்டங்கள் இந்தச் சிக்கலை முன்பே பார்த்துவிட்டன. ராபின் டி. லாஸ் வடிவமைத்த கம்ஷூ முறையில் கதைக்குத் தேவையான துப்புக்குப் பகடையே கிடையாது. உங்கள் பாத்திரத்துக்கு அந்தத் துறை தெரியும், நீங்கள் சரியான இடத்தில் தேடுகிறீர்கள் என்றால் துப்பு உங்களுடையது. 2008-ல் வந்த 'டிரெயில் ஆஃப் கதுல்ஹு'வில் அக்கவுன்டிங், கிரிப்டாகிரஃபி எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டினார், பொய்க்கணக்கு தெரிந்தது, அவ்வளவுதான். துப்பைத் தேடிப்பிடிப்பதைவிட, கிடைத்ததை வைத்து என்ன செய்வது என்பதே சுவாரஸ்யம் என்பது அந்த முறையின் நம்பிக்கை.

சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கதுல்ஹு' 1981-ல் வந்தது. அதன் ஏழாம் பதிப்பில் ஐடியா ரோல் என்று ஒன்று உண்டு. எல்லாரும் திக்குத்தெரியாமல் நிற்கும்போது இன்டெலிஜென்ஸ் உருட்டினால் வழி தெரியும். தோற்றாலும் தெரியும், ஆனால் ஏதாவது ஒரு வில்லங்கத்தில் போய் மாட்டிய நிலையில் தெரியும். இதை நான் அப்படியே திருடிக்கொண்டேன். தோல்வி என்றால் கதவு திறக்காமல் போவதில்லை. கதவு திறக்கும்போது அந்தப் பக்கம் யாரோ விழித்திருப்பார்கள்.

இதோடு ஒட்டியதுதான் நேரத்தை விலையாக வைப்பது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பில் 'டேக் 20' என்று ஒரு விதி உண்டு. அவசரமில்லை, தோற்றால் ஆபத்துமில்லை என்றால், இருபது மடங்கு நேரம் கொடுத்துப் பகடையில் 20 விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஆற அமர உட்கார்ந்தால் முடிகிற கணக்குக்கு இது பொருத்தம். நேரத்துக்கு விலை இருக்கவேண்டுமே என்றால் அதே ஆட்டத்தின் 1981-ன் பேசிக் விதிகளைப் பாருங்கள். நிலவறையில் பத்து நிமிஷம் ஒரு டர்ன். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடை உருட்டி, 1 விழுந்தால் சுற்றித் திரியும் பிசாசு ஏதோ வந்து நிற்கும். ஒரு மணி நேரம் கதவுமுன் உட்கார்ந்தால் மூன்று முறை உருட்ட வேண்டும். ஒன்றாவது வந்து நிற்க 42 சதவீதம் வாய்ப்பு. இதை ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், யோசிப்பதா ஓடுவதா என்பதே ஒரு நல்ல கணக்காகிவிடும். அந்தக் கணக்கைப் போட யாருக்கும் பயமில்லை, கவனித்திருக்கிறேன்.

கால்குலேட்டர் வரம்

எனக்கு ஆகப் பிடித்த யோசனை கர்ப்ஸில் ஒரு மூலையில் கிடக்கிறது. மின்னல் வேகத்தில் மனக்கணக்குப் போடும் வரம், விலை, பாத்திரத்தை உருவாக்கக் கிடைக்கும் புள்ளிகளில் 2. அதை வாங்கியவருக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? ஆட்டக்காரர் எப்போது வேண்டுமானாலும் கால்குலேட்டரைத் தட்டிக்கொள்ளலாம், அவருடைய பாத்திரம் உயிருக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. அதே ஆட்டத்தில் எண்ணவே தெரியாத குறையும் உண்டு. எடுத்துக்கொண்டால் 5 புள்ளி திரும்பக் கிடைக்கும்.

படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாத்திரத்தின் திறமையைப் பகடையாக மாற்றாமல், விடையாகவும் மாற்றாமல், மேசைமேல் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாக மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு வழக்கம். புதிர் வரும்போது இன்டெலிஜென்ஸ் 14-க்கு மேல் உள்ளவருக்கு மட்டும் தாளும் பேனாவும். 18 என்றால் போன் கால்குலேட்டரும் உண்டு. 8 என்றால் வெறுங்கை. டீச்சரக்கா முதல் நாள் போட்ட சண்டையைச் சொல்லி மாளாது. "பேனா இல்லாம என்னை உட்கார வச்சுட்டியே!" என்றார். ஆனால் அவருக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது, ஏனென்றால் நடிக்க வேண்டிய அவசியம் போயிற்று. கையைக் கட்டிவிட்டால் தெரிந்தாலும் சொல்வது கஷ்டம்தானே.

எந்தக் கணக்கு, யாருடைய கணக்கு

இத்தனையும் செய்தபின் எனக்குப் புரிந்தது, எல்லாக் கணக்குப் புதிருக்கும் ஒரே வழியைத் தேடியதுதான் என் தப்பு. கணக்கு என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

சில கணக்கு தெரிந்திருப்பது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ணும் வெண்பா ஒன்று இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள் என்றால் 120 சுளை. பழம் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். எத்தனை புத்திசாலி ஆட்டக்காரராக இருந்தாலும் இதை உட்கார்ந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை. இது பாத்திரத்தின் சொத்து. கதையில் அவர் கிராமக் கணக்குப்பிள்ளை மகன் என்றால், உருட்டச் சொல்லாமல் கொடுத்துவிடுங்கள். கம்ஷூ வழி இங்கே அச்சாகப் பொருந்தும்.

சில கணக்கு வெறும் உழைப்பு. மூன்று கம்பங்களுக்கிடையே தட்டுகளை ஒவ்வொன்றாக, சின்னதன்மேல் பெரியது வராமல் மாற்றும் ஹனோய் கோபுரத்தை அறையில் வைக்காத டி.எம். உண்டா? ஐந்து தட்டு என்றால் 31 நகர்வு, ஏழு தட்டு என்றால் 127. சூட்சுமம் மூன்று தட்டிலேயே பிடிபட்டுவிடும்; அதற்குப் பிறகு மேசையில் நடப்பது மூட்டை தூக்குவது. சங்கேத ஓலையில் எழுத்துக்களை எண்ணுவதும் இதே ரகம். இதைப் பகடையிடமும் நேரத்திடமும் கொடுங்கள். உருட்டி வென்றால் ஒரு டர்ன், தோற்றால் மூன்று டர்ன். முடியுமா என்ற கேள்வியே இங்கே வேண்டாம், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

பளிச்சென்று புரிகிற மூன்றாவது வகை இருக்கிறதே, அதை மட்டும் ஆட்டக்காரரிடமிருந்து பிடுங்காதீர்கள். சனிக்கிழமை அவர்கள் வருவதே அதற்காக. அங்கே பாத்திரத்தின் திறமைக்கு வேறு வேலை கொடுங்கள்: புதிரைச் சின்னதாக்குவது, கண்ணுக்குத் தெரியும்படி மாற்றி வரைவது, எதை எண்ண வேண்டும் என்று காட்டுவது. நிஜக் கணித மேதைகளும் அதிகம் செய்வது இதைத்தான் என்று டீச்சரக்கா சொல்வார். விடை கண்டுபிடிப்பதைவிட, கேள்வியைச் சரியாக வரைவதுதான் அவர்கள் வேலையாம். விடையே இல்லை என்று நிரூபிப்பதும் அதில் சேர்த்தி.

ஆனால் ஒரே புதிரில் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு. அப்போது எங்கே வெட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான்.

ஏழு பாலங்கள்

போன ஆடியில் இந்த வழியை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். ஆற்றின் நடுவே தீவு, சுற்றிலும் மூன்று கரை, ஏழு பாலம். நகரத்தில் நிற்கும் எல்லாப் பாலங்களையும் ஒரே நடையில், எதையும் இரண்டாம் முறை மிதிக்காமல் கடந்தால் சாபம் விலகும் என்கிறது பேய். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். கோனிக்ஸ்பர்க் நகரத்து வரைபடத்தைத்தான் பெயர் மாற்றி வைத்தேன். 1736-ல் ஆய்லர் என்ற கணித மேதை அப்படி நடக்கவே முடியாது என்று காட்டிய அதே பாலங்கள்.

டீச்சரக்கா வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அடப்பாவி" என்று மட்டும் சொன்னார். கையில் பேனா இல்லை.

தம்பி உருட்டினான். 17, கூட்டு எண் 4, மொத்தம் 21. மடித்த சீட்டைக் கொடுத்தேன். அதில் விடை இல்லை. நாலு புள்ளி, ஏழு கோடு, கீழே ஒரு வரி: "ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோடு தொடுகிறது?" அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். எண்களைக் கண்டால் சுருங்குகிறவன், படத்தைக் கண்டதும் விரிந்துவிட்டான். டிசைன்காரன் அல்லவா? பேனாவை எடுத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதினான்: 5, 3, 3, 3. கோட்டின்மேல் விரலை ஓட்டினான். ஒரு பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

"ஒரு எடத்துக்கு உள்ள போனா வெளிய வரணும்ல? அப்ப பாலம் ஜோடி ஜோடியா இருக்கணும். ஆரம்பிக்கிற எடமும் முடிக்கிற எடமும் மட்டும் ஒத்தையா இருக்கலாம். இங்க நாலுமே ஒத்தை" என்றான். பிறகு மெதுவாக, "அண்ணா, இது முடியாது. முடியவே முடியாது" என்றான். பாத்திரத்தின் குரலில் அல்ல, அவன் குரலில்.

முடியாது என்றால் என்ன செய்வது என்று மற்ற இருவரும் பேயோடு பேரம் பேசக் கிளம்பினார்கள். அப்போது டீச்சரக்கா பார்பேரியனின் கரகரத்த குரலை எடுத்தார்.

"பாலம் அதிகம். ஒண்ண ஒடைக்கிறேன்."

மேசை வெடித்துச் சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை, சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தான். அதன் இரு முனையிலும் எண் ஒன்று குறைந்தது. 4, 2, 3, 3. "அக்கா, எந்தப் பாலம்?" என்று பதறிப்போய்க் கேட்டான். "எது கிட்ட இருக்கோ அது" என்றார் டீச்சரக்கா. அதுவும் சரிதான். நாலும் ஒற்றைப்படை என்பதால் எதை வெட்டினாலும் கணக்கு சரியாகிவிடும். இன்டெலிஜென்ஸ் 8 தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை. வடக்குப் பாலம் ஒன்றில் கோடரி விழுந்தது. தெற்கிலிருந்து தீவு, தீவிலிருந்து மறுபடி தெற்கு, அங்கிருந்து கிழக்கு, வடக்கு, தீவு, கடைசியில் கிழக்கு. தம்பி கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்துகாட்டினான்.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் நிஜ நகரத்தின் பாலங்களில் இரண்டு போய்விட்டதை டீச்சரக்கா அப்புறம் தேநீர் குடிக்கும்போது சொன்னார். அந்த ஊர் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். மிச்சமிருக்கும் பாலங்களில் அப்படி ஒரு நடை நடக்க முடியுமாம். "பார்பேரியனுங்க ஏற்கெனவே செஞ்சுட்டாங்க" என்றார்.

அந்தச் சீட்டைத் தம்பி திருப்பித் தரவில்லை. வரும் சனிக்கிழமைக்கு ஆறு படிக் குடம் ஒன்று, நாலு படிக் குடம் ஒன்று, ஐந்து படி கேட்கும் கதவு ஒன்று தயார் செய்திருக்கிறேன். இரண்டும் இரட்டைப்படை, எத்தனை முறை மாற்றி ஊற்றினாலும் ஐந்து வராது. சீட்டில் என்ன எழுதுவது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சரக்கா குடத்தை உடைப்பாரா, கதவை உடைப்பாரா என்பதற்கு மட்டும் இரண்டு குறிப்பும் எழுதி வைத்தாயிற்று.